ஏகாம்பரத்தின் ரோஸ் தண்ணீர்

பதினோரு ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அது போதும்.

சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல், திருவள்ளூர் அலுவலகத்தில் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பியூன் மேசையோரம் வந்து நின்றார். "சார், எளாவூர் செக்போஸ்ட்ல கீறாரே நம்ம கலர் கம்பவுண்டர், பூட்டாராம். இப்பத்தான் போன் வந்துச்சி" என்றார். அடுத்த மேசைக்காரர் தலை நிமிராமலேயே, "யாரு, கோழிக்குச் சாயம் குடுத்துக் கொன்னாரே, அந்த ஆளா?" என்று கேட்டுவிட்டுத் தம் டீயை ஆற்றத் தொடங்கினார். அந்த டீ ஆறி முடிவதற்குள் அந்தச் செய்தியும் அந்த அறையில் ஆறிப்போயிற்று.

இறந்தவரின் பெயர் ஏகாம்பரம். கலர் கம்பவுண்டர் அல்ல. வயது நாற்பத்தைந்து; என்னைவிட இரண்டு வயது இளையவர். சோதனைச் சாவடியில் காலைப் பணியில் இருந்தபோது, வரிசையில் நின்ற லாரிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. எங்கள் கால்நடைத் துறைச் சங்கத்தின் செய்தித்தாள் அவருக்கு இரண்டு வரி ஒதுக்கியது. அதில் ஒரு வரி, அவர் "ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்" என்பது. மாற்றல் வாங்கிச் செல்லும் எழுத்தர்களுக்குக்கூட அரைப் பக்கம் எழுதுகிற செய்தித்தாள் அது. அவரை அறிந்தவர்களுக்காகவும், அந்த ஒரு வரியை மட்டுமே இனி அறியப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், புதுவாயலுக்கு அருகில் இருந்த ஒரு கால்நடை மருந்தகத்துக்கு நான் உதவி மருத்துவராக வந்தேன். ஏகாம்பரம் அங்கே ஏற்கெனவே கம்பவுண்டராக இருந்தார். சுற்றுவட்டாரத்தில் நெல் விளைவிக்கும் குடும்பங்களுக்கு வெள்ளை லெகார்ன் என்ற சீமைக்கோழிக் குஞ்சுகளைக் கொடுத்து, கொட்டகை போட்டு வளர்க்கச் செய்யும் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. தெருவில் மேய்ந்து பிழைத்த நாட்டுக்கோழியை மட்டுமே அறிந்த வீடுகள் அவை. தரையில் கடலைத்தோலையோ உமியையோ அரையடி உயரத்துக்குப் பரப்பி, அந்தக் கூளத்தின் மேல் ஐம்பது குஞ்சுகளை அடைத்து வளர்ப்பது அவர்களுக்குப் புதிது. அந்தக் கூளத்தில்தான் ரத்தக் கழிச்சல் காத்திருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று வாரக் குஞ்சு, நேற்று மாலை ஓடி விளையாடியது, இன்று காலை இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் காலடியில் ரத்தம் இருக்கும். மறுநாள் கொட்டகையில் பாதி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி குடலைத் தின்கிறது. எச்சத்தோடு வெளியே வந்து, கூளம் ஈரமாக இருந்தால் இரண்டு நாளில் பக்குவமாகி, கொத்தித் தின்னும் அடுத்த குஞ்சின் வயிற்றுக்குள் போகிறது. இதை நான் கல்லூரியில் படம் வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண்ணோடு படித்தவன்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கொட்டகைக்கு அழைத்தார்கள். நான் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். ஏகாம்பரம் குனிந்து கூளத்தில் ஒரு பிடி அள்ளி, கைக்குள் இறுக்கி, என் முன் விரலைத் திறந்தார். கூளம் அப்படியே உருண்டையாக நின்றது.

"பாருங்க டாக்டர் சார், கொழக்கட்ட. இத்த வச்சிக்கினு நீங்க எவ்ளோ மருந்து எழுதினாலும் அது பேஜாருதான்."

பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பினார். "தண்ணிச் சட்டிய கூளத்து மேலயா வெப்பாங்க? செங்கல்லு மேல வெய்யி. இத்த வாரி வெளிய கொட்டிட்டு வேற உமி போடு. கொஞ்சம் சுண்ணாம்பு தூவி, தெனமும் மம்முட்டியால கிளறிவுடு. கையில புடிச்சா உதுரணும். கொழக்கட்ட ஆச்சின்னா என்ன கூப்புடாத, குழி தோண்டிட்டு கூப்புடு."

அவர் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கருவாடு காயப் போடும் வீட்டில் வளர்ந்தவருக்கு ஈரத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "கருவாட்ல ஈரம் நின்னா புழு சார், கோழி ஊட்ல நின்னா ரத்தம்" என்பார். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருந்தது. பட்டம் என்னிடம் இருந்தது. சரியாகப் பேசுகிறவர் அவராக இருந்தார். அந்த எரிச்சலை நான் கடைசிவரை முழுதாக விடவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் பொய் சொல்வது வழக்கம்; எனக்கு அதற்கு விருப்பமில்லை.

நோய் வந்துவிட்ட கொட்டகைக்குச் சல்பா மருந்து கொடுப்போம். மருந்தகத்தில் அதைக் கரைத்து, மக்கள் கொண்டுவரும் பழைய எண்ணெய்ப் பாட்டில்களில் ஊற்றித் தருவது ஏகாம்பரத்தின் வேலை. ஒரு குடம் குடிநீருக்கு இரண்டு மூடி. மூன்று நாள் மருந்து, இரண்டு நாள் வெறும் தண்ணீர், மறுபடி மூன்று நாள் மருந்து. அந்த இரண்டு நாள் இடைவெளி கட்டாயம். மருந்து அளவு மீறினால் அதுவே விஷம். குஞ்சுகளுக்கு உடம்புக்குள் ரத்தம் கசியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த மருந்து தண்ணீரில் கலந்தால் நிறமே தெரியாது. ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைப்பவர் ஒருவர் அல்ல. காலையில் மாமியார், மதியம் மருமகள், சாயங்காலம் கழனியிலிருந்து திரும்பும் யாரோ. யார் ஊற்றினார்கள், இன்று மூன்றாம் நாளா நான்காம் நாளா என்று எவருக்கும் தெரியாது. மருந்து தப்பிப்போகும்; இல்லையென்றால் இரட்டிப்பாகும். துண்டுப் பிரசுரம் அச்சடித்தோம். படிக்கத் தெரிந்தவர்கள் அதை எடுத்துப் பத்திரமாக அரிசிப் பானைக்கு மூடியாக்கினார்கள்.

ஏகாம்பரம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மிட்டாய்க் கடையில் தின்பண்டத்துக்குப் போடுகிற ரோஸ் பொடியை வாங்கி, மருந்துப் பாட்டிலில் ஒரு சிட்டிகை கலந்தார். மனிதர்களுக்கு மருந்து கலக்கும் கம்பவுண்டர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மருந்து ஊற்றிய தண்ணீர் ரோஸ் நிறமாகத் தெரியும். "ரோஸு மூணு நாளு, வெள்ள ரெண்டு நாளு, திரும்ப ரோஸு மூணு நாளு. சட்டியில ரோஸா இருந்தா பாட்டில தொடாத." அவ்வளவுதான் விதி. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் அது நின்றது.

அந்த ஊர்களில் கோழி வளர்ப்பில் முதலாவதாக வந்தவர் முனியம்மாள். நான்கு ஏக்கர் நெல் நிலமும் கூர்மையான நாக்கும் உள்ள அம்மாள். முதல் நாள் அந்தப் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா கம்பவுண்டரே, எங்க ஊட்டுக்காரு கேட்டா மோர்கூட குடுக்க ஆளில்ல, கோழிக்கு ரோஸ் மில்க்கா?" என்றார்.

"உங்க ஊட்டுக்காரரு முட்டை வெக்கட்டும், அவுருக்கும் தரேன்" என்றார் ஏகாம்பரம்.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. கலர் கம்பவுண்டர் என்ற பெயர் அன்றுதான் பிறந்தது. அப்போது அது செல்லப் பெயர். இரண்டு ஆண்டுகள் எங்கள் வட்டாரத்தில் ரத்தக் கழிச்சலால் முழுக் கொட்டகை ஒன்றும் காலியாகவில்லை. அந்தப் பெருமையில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் மேலிடத்துக்குப் போன அறிக்கைகளில் என் பெயர்தான் இருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.

மூன்றாம் ஆண்டு சித்திரையில் மண்டல அதிகாரி பார்வையிட வந்தார். அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. இன்று அவர் பெரிய பதவியில் இருக்கிறார். பெயரை எழுதினால் அதையும் ஒரு விளம்பரமாக எடுத்துக்கொள்வார். முனியம்மாளின் கொட்டகையில் ரோஸ் தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன இது?"

ஏகாம்பரம் விளக்கினார். அதிகாரி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். "அரசாங்க மருந்தில் மிட்டாய்க் கடைப் பொடியா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நாளைக்கு யாராவது பத்திரிகையில் எழுதினால் பதில் சொல்வது நீங்களா, நானா? இன்றோடு நிறுத்த வேண்டும்."

"சார்," என்றார் ஏகாம்பரம், "நிறுத்திடறேன் சார். ஒரு வரி எழுத்துல குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். கலர் இல்லன்னா இவுங்களுக்குக் கணக்கு தப்பிடும். அப்பால எதுனா ஆச்சின்னா..."

"உனக்கு எழுத்துப்பூர்வமாக வேறு உத்தரவு கொடுக்க வேண்டுமா? நீ யார், கலெக்டரா?"

அதிகாரியோடு வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதை ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. நான் என் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: அந்தப் பொடி தீங்கில்லாதது, அது இல்லாமல் மருந்து தருவதுதான் ஆபத்து. அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது. மேற்படிப்புக்கு வடநாட்டுக்கு அனுப்பும் பட்டியலில் என் பெயர் இருந்ததும், அந்தப் பட்டியல் அவர் மேசையில் இருந்ததும் அதே நேரத்தில் என் நினைவில் இருந்தன.

அன்றோடு ரோஸ் நின்றது. ஏகாம்பரம் அடுத்த இரண்டு வாரம் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். மருந்து ஊற்றியவர் சுவரில் கரியால் ஒரு கோடு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "நாப்பது ஊடு சார். சைக்கிளுக்கு வாயிருந்தா அழுதுடும்" என்றார். நாற்பதில் பாதி வீடுகளுக்குத்தான் போக முடிந்தது. பிறகு கத்திரி வெயில் வந்துவிட்டது. முன்பு நாளுக்கு ஒரு குடம் குடித்த குஞ்சுகள் இரண்டு குடம் குடித்தன. குடம் இரண்டானால் மருந்தும் இரண்டு பங்கு உள்ளே போகும். அதையும் நாங்கள் இருவரும் கணக்கிடத் தவறினோம். மருந்தகத்தை விட்டுப் போகும்வரை அவர் அதைத் தன் தவறு என்றே சொன்னார். மருத்துவர் நான்.

கத்திரியின் இரண்டாம் வாரம் முனியம்மாளின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நாங்கள் போனபோது வாசலில் சாக்கை விரித்து, இறந்த குஞ்சுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். உயிரோடிருந்தவை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எச்சத்தில் ரத்தம் இருந்தது. முனியம்மாள், "ரத்தம் நிக்கவே இல்ல டாக்டரே, மருந்து ஊத்திக்கினேதான் கீறோம்" என்றார்.

ஏகாம்பரம் நேராகக் கொட்டகைக்குள் போனார். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கி, கையைத் திறந்தார். கூளம் உதிர்ந்தது. கொட்டகையின் நான்கு மூலையிலும் அள்ளிப் பார்த்தார். எல்லாம் உதிர்ந்தன.

"கூளம் நல்லா காஞ்சி கீது சார். இது அது இல்ல." குரல் மாறியிருந்தது. முனியம்மாளின் மருமகளிடம் திரும்பி, "யம்மா, நெசத்த சொல்லு. நேத்து மருந்து ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

"நான்தாண்ணா, காலைல."

"நானுந்தான் ஊத்துனேன்" என்றார் முனியம்மாள். "பொழுது சாய ஊட்டுக்கு வரசொல்ல பாத்தேன். தண்ணி வெள்ளையா கீது. இவ மறந்துட்டாளாட்டம் கீதுன்னு ஊத்துனேன்."

"எத்தினி நாளா?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்தத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர்கள் இடைவெளியே விடவில்லை. ரத்தம் வர வர மருந்து ஊற்றினார்கள். மருந்து ஊற்ற ஊற்ற ரத்தம் வந்தது. கரிக்கோடு போடச் சொன்ன சைக்கிள் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

நான் மருந்தகத்தில் பத்துக் குஞ்சுகளை அறுத்துப் பார்த்தேன். மார்புச் சதையிலும் தொடையிலும் ரத்தக் கசிவு. எலும்பு மஜ்ஜை வெளுத்திருந்தது. ரத்தக் கழிச்சலில் குடலின் கடைசியில் உள்ள இரண்டு பைகளும் ரத்தத்தால் வீங்கிக் கிடக்கும். இவற்றில் அப்படி இல்லை. நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி ஒன்றுகூடத் தென்படவில்லை. கண்டதைக் கண்டபடி பிரேதப் பரிசோதனைப் பதிவேட்டில் எழுதினேன். ஏகாம்பரம் அன்றே மறுபடி சைக்கிளை எடுத்தார். எல்லா வீட்டிலும் மருந்தைக் கொட்டச் சொல்லி வெறும் தண்ணீர் வைக்கச் செய்தார். நான்காம் நாளோடு சாவு நின்றது. ஆனால் அதற்குள் பன்னிரண்டு வீடுகளில் கொட்டகை காலியாகியிருந்தது.

விசாரணைக்கு அதே அதிகாரி வந்தார். மருந்தக முற்றத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். அலமாரியைச் சோதித்து, மீதியிருந்த ரோஸ் பொடிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

"இது உன் அலமாரியில் இருந்ததா, இல்லையா?"

"இருந்துச்சி சார். நீங்க நிறுத்தச் சொன்ன நாள்லருந்து நான் அத்தத் தொடல."

"நான் சொன்னேனா? எப்போது? எழுத்தில் இருக்கிறதா?"

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. வழி தெரிந்தவர் வழி கேட்பதுபோல், "டாக்டர் சாரும் கூட இருந்தாரு சார்" என்றார்.

"எனக்குச் சரியாக நினைவில்லை" என்றேன்.

அதிகாரி அடுத்த கேள்வியை என்னிடம் கேட்டார். இறப்புக்கு அந்த வண்ணப் பொடி காரணமாக இருக்கவே முடியாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? எதையும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்ற ஒரு சௌகரியம் படித்தவர்களுக்கு இருக்கிறது. என் அறிக்கையில், "வண்ணப் பொடியின் பங்கை மறுப்பதற்கில்லை" என்று எழுதினேன். நல்ல தமிழ். பிழை இல்லாத வாக்கியம். அதற்குக் கீழே என் பட்டத்தோடு கையெழுத்திட்டேன்.

வேலிக்கு வெளியே முனியம்மாள் நின்றுகொண்டிருந்தார். தான் பேச வேண்டும் என்று இரண்டு முறை ஆள் அனுப்பினார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஏகாம்பரம் கம்பவுண்டர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். எளாவூர் சோதனைச் சாவடியில், எல்லை கடக்கும் லாரிகளில் ஆடு மாடு கோழி இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கும் உதவியாளராக அனுப்பப்பட்டார். போகும் நாளில் மருந்தகத்துச் சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வுடுங்க சார். உங்களுக்கு மேல்படிப்பு கீது, கொயந்த குட்டி கீது. போய்ட்டு வரேன்" என்றார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டி, இத்தனை ஆண்டுகளில் மறந்திருப்பேன். அவர்மேல் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை அதுதான்.

மேற்படிப்புக்கு அந்த ஆண்டு வேறொருவர் போனார். மறு ஆண்டும் வேறொருவர் போனார். அதைப் பற்றி நான் எழுதிய மனுக்கள் ஒரு கட்டு தேறும். துறையில் என்னை மனுக்காரன் என்பார்கள். அது கிடக்கட்டும்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு பிற்பகலில் நெல்லூர்ப் பக்கமிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். எளாவூரில் சோதனைக்காகப் பேருந்து நின்றது. காக்கிச் சட்டையில் ஏகாம்பரம் முன்வாசல் வழியாக ஏறினார். இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். லாரிப் புகையில் இருமல் பிடித்திருந்தது. இரண்டு இருக்கைக்கு ஒருமுறை நின்று இருமினார். வழியில் ஒரு கிழவரின் கோழிக்கூடைக்குள் கையை விட்டு அடியில் கிடந்த வைக்கோலை இறுக்கிப் பார்த்து, "இன்னா நைனா, சொதசொதன்னு கீது. ஊட்டுக்குப் போனதும் மாத்திடு, இல்லன்னா ஒண்ணும் தேறாது" என்றார். நான் செய்தித்தாளை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் சாய்ந்தேன்.

நடத்துநர், "யோவ், பேப்பர எடு, பைய காட்டு" என்று என்னைத் தட்ட வந்தார்.

"அவர எழுப்பாதப்பா" என்ற குரல் மிக அருகில் கேட்டது. "அவுரு கால்நட டாக்டரு. அவரு பையில கோழி இருக்காது."

காலடி பின்பக்கம் நகர்ந்தது. இருமல் இறங்கிப் போயிற்று. கும்மிடிப்பூண்டி தாண்டும்வரை நான் அந்தச் செய்தித்தாளை எடுக்கவில்லை. அவரை நான் உயிரோடு கேட்டது அதுவே கடைசி. நேருக்கு நேர் பார்த்தது என்று எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எளாவூர் போனேன். நெடுஞ்சாலையை ஒட்டி ஒற்றை அறை வீடு. வெளியே பெஞ்சின்மேல் கிடத்தியிருந்தார்கள். லாரிகளின் இரைச்சலில் அழுகை கேட்கவில்லை. வாய் அசைவதுதான் தெரிந்தது. கூட்டத்தில் முனியம்மாள் இருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு நேராக வந்தார்.

"டாக்டரே, அன்னிக்கு என்ன ஒருத்தனும் கேக்கல. நீயாச்சும் கேட்டியா? நாந்தான் ஊத்துனேன், எம் மருமவதான் ஊத்துனான்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்? எங்க ஊட்டுத் தப்ப இந்த மனுசன் தூக்கினு போறாரு பாரு."

நான் மறுபடி என் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பழக்கமான செயல் அதுதான்.

ஏகாம்பரத்தின் மனைவி தனலட்சுமி. அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. யாரோ என்னை இன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகத்தான் போனேன் என்றும் சொல்லலாம். அவர் கேட்டது வேறு.

"சார், ஒண்ணே ஒண்ணு. அவரு பொடியால கோழி சாவலன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்குது. கலர் கம்பவுண்டர் பொண்ணு, எங்கள சாயம் போட்டுக் கொன்னுடப்போறான்னு பசங்க கத்துறானுங்க. அவுங்ககிட்ட காட்ட ஒரு காயிதம் வேணும். அவரு உயிரோட இருந்தப்பவே சொன்னேன், போய் டாக்டர கேளுன்னு. மாட்டேன்னுட்டாரு. கேட்டா அவரு சங்கடப்படுவாரும்மான்னாரு."

எழுதித் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் தூக்கினார்கள். சுடுகாடு சாலைக்கு அந்தப் பக்கம். பாடை சோதனைச் சாவடியை நெருங்கியபோது, பணியில் இருந்தவர் யாரும் சொல்லாமல் குறுக்குக் கட்டையை உயர்த்தினார். இரு பக்கமும் நின்ற ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக எஞ்சினை அணைத்தார்கள். அந்தச் சாலை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு கோழி லாரியின் மேல்தட்டிலிருந்து வெள்ளைச் சிறகுகள் காற்றில் இறங்கி வந்தன. ஒருவரும் ஏறிச் சோதிக்காமல், எதையும் கேட்காமல், ஏகாம்பரம் அந்தக் கட்டையைக் கடந்து போனார்.

ஏகாம்பரம் அவர்களே, உங்கள் பொடியால் ஒரு குஞ்சும் சாகவில்லை. அந்தப் பொடி இருந்தவரை அவை பிழைத்தன. அதை நிறுத்தச் சொன்னபோது நான் உங்கள் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போய் வாருங்கள்.

இதில் மூன்று படி எடுத்திருக்கிறேன். ஒன்று தனலட்சுமி அம்மாளுக்கு. அதில் என் பெயர், பட்டம், பதவி, தேதி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டு, நாளை காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்தப் பெண் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போகட்டும்.

மற்ற இரண்டும் சங்கத்தின் செய்தித்தாளுக்கும் துறைக்கும். அவற்றில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். "ஓ, மனுக்காரன்" என்பார்கள். மேற்படிப்பு கிடைக்காத வயிற்றெரிச்சல் என்று சொல்லி, என் பெயர் எழுதிய கட்டோடு இதையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பேச்சு ஏகாம்பரத்தைப் பற்றி இருக்காது, என்னைப் பற்றி இருக்கும். பெயர் இல்லாவிட்டால், என்னை ஊகித்தாலும், எழுதியவன் எவன் என்று அவர்கள் உறுதிசெய்தாக வேண்டும். அந்த ஆண்டில் அந்த மருந்தகத்தில் இருந்த மருத்துவர் யார் என்று பார்க்க, பதினோரு ஆண்டுகளாக ஒருவரும் தொடாத அந்தக் கோப்பை எடுத்தாக வேண்டும். அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பிரேதப் பரிசோதனைப் பதிவேட்டைப் புரட்டியாக வேண்டும். பத்துக் குஞ்சுகளின் உடம்பில் நான் கண்டது அங்கே இருக்கிறது. என் அறிக்கை பொய் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

என் பெயரை அங்கே அவர்கள் படித்துக்கொள்ளட்டும். இதைக் கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன்.